வாடகை வீட்டில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடி அனெக்ஸ் ஒன்று, கொட்டாஞ்சேனையில் வங்கிக் கடனில் வாங்கிய தொடர்மாடி வீடு ஒன்று. என்னிடம் வாடகைக்கு இருப்பவை இந்த இரண்டும்தான். பெரிய முதலாளிகளுக்கு ஆள் இருக்கும், கணக்காளர் இருப்பார். நம்மைப் போல ஒன்றிரண்டு வைத்திருப்பவர்கள் ஏதாவது நடந்தால் முதலில் கோபப்படுகிறோம், பிறகு சொந்தக்காரருக்குக் கோல் எடுத்துப் புலம்புகிறோம், கடைசியில்தான் காரணத்தைத் தேடுகிறோம். பிரச்சினை வாடகைக்கு இருப்பவரிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், பாதி நேரம் அது திறப்பைக் கொடுத்த நாளில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியாகவோ போடாமல் விட்ட ஒரு கணக்காகவோ இருந்திருக்கிறது. அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

அறிகுறி: வாடகை வருகிறது, ஆனால் ஒவ்வொரு மாதமும் பிந்துகிறது

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை நாள் பிந்துகிறது, அது ஒரே அளவாகப் பிந்துகிறதா என்பதை. கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கை எடுத்து, பணம் வந்த திகதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 6, 7, 6, 8, 6, 7 என்று வந்தால் ஆள் ஒழுங்கானவர்தான், அவருடைய சம்பள நாளுக்கு முன்னால் நீங்கள் வாடகை நாளை வைத்திருக்கிறீர்கள். எங்கள் அனெக்ஸில் இருந்த ஒரு குடும்பம் "அன்ரி, இந்த மாசமும் ஒரு கிழமை பிந்தும்" என்று மாதாமாதம் சொல்லும், எனக்கும் மாதாமாதம் கோபம் வரும். கேட்டுப் பார்த்தால் அந்தத் தம்பிக்குச் சம்பளம் 5ஆம் திகதி. வாடகை நாளை 7 ஆக மாற்றி, வங்கியில் ஸ்டாண்டிங் ஓர்டர் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

திகதிகள் 3, 9, 15, 24 என்று தள்ளிக்கொண்டே போனால் கதை வேறு. அவருக்குப் பணம் நெருக்கிக்கொண்டு வருகிறது, அவரே சொல்ல வெட்கப்படுகிறார். இந்த இடத்தில் பேசாமல் இருப்பது இரண்டு பேருக்குமே தீங்கு. நேரில் போய், கதவில் நின்று கொண்டு அல்ல, உட்கார்ந்து கேளுங்கள்: வேலை போய்விட்டதா, வீட்டில் வருத்தமா, எவ்வளவு காலத்துக்கு? ஒரு மாத வாடகையை மூன்றாகப் பிரித்து அடுத்த மூன்று மாதத்தில் சேர்த்துக் கட்டுவதாக எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அந்தத் தாள் அவரைப் பயமுறுத்துவதற்காக இல்லை. பின்னால் எவ்வளவு பாக்கி என்பதில் ஆளுக்கொரு கணக்குச் சொல்லாமல் இருக்கத்தான்.

பாதி பாதியாக வருகிறது, கையில் காசாக வருகிறது, ரசீது கொடுக்கவில்லை என்றால் இன்றே நிறுத்துங்கள். காசாக வாங்கினாலும் ரசீதுப் புத்தகம் வையுங்கள், எந்த மாதத்துக்கான வாடகை என்று அதில் எழுதுங்கள். "மார்ச் வாடகையா, பெப்ரவரி பாக்கியா" என்ற சண்டையில் வென்றவர் யாரையும் நான் கண்டதில்லை.

அறிகுறி: கரண்ட் பில் வந்த நாளெல்லாம் சண்டை

அனெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது வராமல் இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்கும் அனெக்ஸுக்கும் ஒரே மீற்றரா? அப்படியானால் யாரும் கூடுதலாகப் பாவிக்காமலே பில் கூடும். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப் படியாக ஏறுவது. அலகு கூடக்கூட அலகின் விலையும் கூடும், மாத நிலைக் கட்டணமும் ஏறும், 180 அலகைத் தாண்டியவர் ஆக உயர்ந்த படிக்குப் போய்விடுவார். நீங்கள் மாதம் 110 அலகு, மேலே இருப்பவர்கள் 110 அலகு என்று வைப்போம். தனித்தனி மீற்றர் இருந்தால் இரண்டு பேரும் நடுப்படியில் நிற்பீர்கள். ஒரே மீற்றர் என்றால் 220. அதாவது இரண்டு சிக்கனமான குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஊதாரிக் குடும்பத்தின் பில்லைக் கட்டுகின்றன. அதுக்குள்ளே "நீங்கள் ஏசி போடுகிறீர்கள்", "நாங்கள் பகல் முழுக்க வீட்டிலேயே இல்லை" என்று வாக்குவாதம் வேறு.

நிரந்தரத் தீர்வு, அனெக்ஸுக்கு என்று தனி இணைப்பு எடுப்பது. வயரிங் பிரிக்க வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், செலவும் உண்டு, ஆனால் நான்கைந்து வருடம் வாடகைக்கு விட எண்ணினால் அது நல்ல செலவு. அதுவரைக்கும் ஒரு உப மீற்றர் பொருத்துங்கள். பொருத்திவிட்டு, அலகுக்கு இத்தனை ரூபா என்று உங்கள் மனத்தில் தோன்றிய விலையைச் சொல்லாதீர்கள். மொத்தப் பில்லை மொத்த அலகால் வகுத்து, வரும் சராசரியை அவர்களுடைய அலகால் பெருக்குங்கள். மாதாமாதம் பில்லின் படத்தையும் இரண்டு மீற்றர் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான் இதைத் தொடங்கிய பிறகு கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தனி மீற்றர் இருந்தும் பில் திடீரென்று ஏறியிருந்தால், வாடகைக்கு இருப்பவரைக் கேட்பதற்கு முன்னால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். வீட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜையும் கழற்றிவிட்டு, மீற்றரைப் பாருங்கள். இன்னும் ஓடுகிறதா? அப்படியானால் வேறு யாருடைய வயரோ இதில் தொங்குகிறது, அல்லது எங்கோ மின்கசிவு. நின்றுவிட்டதா? ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அகப்பட்டது தண்ணீர் பம்ப். மேல் தாங்கிக்குப் போகும் குழாயில் சின்னக் கசிவு, அதனால் தானியங்கி சுவிட்ச் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பம்பை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, இரவு முழுக்க. மேலே இருந்த பிள்ளைகள் மூன்று மாதம் என்னுடைய பைப்புக்குக் காசு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன், வேறு வழி எனக்குச் சரியாகப் படவில்லை.

தண்ணி பில்லுக்கும் இதே முறை. எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு நீர் மீற்றரைப் பாருங்கள். சுற்றினால் கசிவு. முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிவறைச் சிஸ்டேனை. தொட்டிக்குள் கொஞ்சம் கேக் நிறமூட்டி ஊற்றி, இருபது நிமிடம் ஃபிளஷ் பண்ணாமல் விட்டுப் பாருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் ரப்பர் வோஷர் போய்விட்டது. சின்னச் சாமான், ஆனால் இரவும் பகலும் ஓடும் தண்ணீர் பில்லை மேல் படிக்குத் தள்ளிவிடும், தண்ணீர்க் கட்டணமும் படிக் கட்டணம்தானே.

இன்னொன்று. இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால், அவர்கள் கட்டாமல் போன பாக்கியும் உங்கள் பெயரில்தான் நிற்கும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கடைசிப் பில்லைப் பாருங்கள்.

அறிகுறி: ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆள் போகவில்லை

கை படபடக்கும், தெரியும். ஆனால் முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். பூட்டை மாற்றாதீர்கள், கரண்டை வெட்டாதீர்கள், சாமானை வெளியே வைக்காதீர்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் விடயத்தைக் கொண்டு போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்கீழ் நீதவான் அவரைத் திரும்ப அதே வீட்டில் இருத்தலாம். வீடு உங்களுடையது என்பதற்கு உறுதி கையில் இருந்தாலும் அந்தக் கட்டத்தில் அது உதவாது, யார் அங்கே இருந்தார், யார் பலவந்தம் செய்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். பிறகு நீங்கள் தொடங்கிய இடத்துக்கும் பின்னால் போய்விடுவீர்கள்.

இப்போது கையில் இருக்கும் தாளை எடுங்கள். அது எந்த வகைத் தாள் என்பதைப் பொறுத்துத்தான் வழி பிரிகிறது.

ஒரு வருட ஒப்பந்தம், ஆனால் கடையில் அச்சடித்து இரண்டு பேரும் கையெழுத்து வைத்தது, நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) இல்லை என்றால் சிக்கல். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். எத்தனையோ பேர் இதை அறியாமல் முத்திரை ஒட்டிய தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அப்படியான தாளில் ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் அந்த ஒரு வருடம் நிற்காது. மாதாமாதம் வாடகை வாங்குகிறீர்கள் என்றால் அது மாத வாடகை என்ற அளவில்தான் பார்க்கப்படும். அதை முடிக்க முழுதாக ஒரு கலண்டர் மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். சட்டத்தரணியைக் கொண்டு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அறிவித்தல் கொடுத்த பிறகு வரும் பணத்தை எந்தப் பெயரில் வாங்குவது என்பதையும் அந்தச் சட்டத்தரணியிடமே கேளுங்கள். பேசாமல் வழக்கம்போல வாடகை ரசீது எழுதினால், நீங்களே ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததாக மறுதரப்பு சொல்லும்.

நொத்தாரிசு எழுதிய குத்தகை, காலம் முடிந்துவிட்டது என்றால் உங்கள் நிலைமை எவ்வளவோ நல்லது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இப்படிக் குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீட்பதற்கென்றே வந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் நாட்டில், சுருக்கமான ஒரு நடைமுறை கிடைத்திருக்கிறது. நொத்தாரிசுக்கு ஒரு தொகை, முத்திரை வரி ஒரு தொகை என்று யோசித்துத்தான் எல்லோரும் அதைத் தவிர்க்கிறோம். 2025 ஏப்ரலில் இருந்து குத்தகை முத்திரை வரி ஆயிரம் ரூபாவுக்கு 20 ரூபா, முன்பு 10 ஆக இருந்தது. மாதம் 90,000 வாடகை, ஒரு வருடம் என்றால் 10 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு 21,600 ரூபா. வலிக்கும் தொகைதான். ஆனால் போகாத ஆள் ஒருவர் ஒரு வாரம் வாடகை தராமல் இருந்தாலே அதே அளவு போய்விடும்.

மூன்றாவது வகை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் பழைய வீட்டை மலிவாக வாங்கினேன், உள்ளே முப்பது நாற்பது வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது என்பவர்கள். இது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடாக இருக்கலாம். அந்தச் சட்டம் பொருந்தினால் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு, குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் எழுப்ப முடியாது, நீங்கள் வாடகை வாங்க மறுத்தால் அவர் மாநகர சபையில் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டோடு இருப்பார். மலிவாக விற்றதற்குக் காரணமே அதுதான். இதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள். நல்ல சட்டத்தரணியிடம் போங்கள், அல்லது அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து, வேறு இடம் தேடிப் போக எவ்வளவு தேவை என்று மரியாதையாகப் பேசுங்கள். அவர்களுக்கு அது பிறந்து வளர்ந்த வீடு.

பத்து வருடம் இருந்தால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். வாடகை கட்டிக்கொண்டு உங்கள் அனுமதியோடு இருப்பவருக்கு ஆட்சியுரிமை அப்படி வராது, உங்கள் உரிமையை மறுத்து, அதற்கு எதிராக இருந்ததை அவர் காட்ட வேண்டும். வாடகையே வாங்காமல், தாளும் இல்லாமல், சொந்தக்காரர்தானே என்று விட்டுவைத்த வீடுகளில்தான் எனக்குக் கூடுதல் பயம்.

அறிகுறி: வீடு இரண்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது

விலைதான். வேறு காரணம் தேடுவதற்கு முன்னால் விலையைப் பாருங்கள். 85,000 தருகிறேன் என்று ஒருவர் வந்தார், நான் 90,000 என்று நின்றேன். இரண்டு மாதம் சும்மா கிடந்தது. ஒரு வருடத்தில் அந்த 5,000 கூடுதலாகத் தரப்போவது 60,000, நான் இழந்தது 170,000. இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகு அப்படி ஒரு பிடிவாதம் பிடிப்பதில்லை.

விலை சரி, பார்க்க வருகிறார்கள், திரும்பி வருவதில்லை என்றால் வீட்டுக்குள் என்னமோ இருக்கிறது. கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் உப்புக் காற்றுக்கு யன்னல் கம்பி துருப்பிடித்து, சுவரில் ஈரம் பூத்திருக்கும், நமக்குப் பழகிவிட்டதால் கண்ணில் படாது. பார்க்க வரவே ஆள் இல்லை என்றால் காலத்தைப் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் புதிய வருடம் தொடங்குவதற்கு முன்னால் இடம் தேடுவார்கள், இராமகிருஷ்ண வீதியில் ஐஐடி என்ற தகவல் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் இருப்பதால் படிக்கிற பிள்ளைகள் அறை தேடுவார்கள், ஜூலை ஓகஸ்டில் வெளிநாட்டுச் சொந்தங்கள் விடுமுறைக்கு வருவார்கள். ஒப்பந்தம் முடியும் மாதத்தை இதற்கேற்றபடி வையுங்கள், பதினொரு மாதமோ பதினான்கு மாதமோ எழுதினால் யாரும் மறுப்பதில்லை.

அறிகுறி: வாடகை ஒழுங்காக வருகிறது, ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை

இதுதான் ஆக மெதுவாகத் தெரியும் கோளாறு, அதனால்தான் ஆபத்து.

ஒரு உதாரணம். 3 கோடி ரூபாவுக்குத் தொடர்மாடி வீடு, மாத வாடகை 130,000. வருடம் 15 இலட்சத்து 60 ஆயிரம், அதாவது 5.2 வீதம். விற்கிறவர் காட்டும் கணக்கு இங்கே முடிந்துவிடும். இனி நாம் தொடருவோம். பராமரிப்புக் கட்டணம் மாதம் 12,000 என்றால் வருடம் 144,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் சும்மா கிடந்தால் 130,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, இன்னொரு 130,000. பெயின்ட், பைப், மாநகர சபை வரி எல்லாம் சேர்த்து 100,000. மிச்சம் 10 இலட்சத்து 56 ஆயிரம், 3.5 வீதம். வரி இன்னும் கழிக்கவில்லை, கடன் வட்டியும் கழிக்கவில்லை. பராமரிப்புக் கட்டணம் எத்தனை, அது கடைசியாக எப்போது ஏறியது, லிஃப்ட் மாற்ற, வெளிப் பெயின்ட் அடிக்கச் சேமிப்பு நிதி இருக்கிறதா என்று, தொடர்மாடியின் பொது வேலைகளைப் பார்க்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம், வீட்டை வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். நான் கேட்கவில்லை, லிஃப்டுக்கு என்று ஒரே தடவையில் பெரிய தொகை கட்டினேன்.

கடன் இருந்தால் வட்டி நிலையானதா, மாறுவதா? மாறுவது என்றால் எவ்வளவு ஏறினால் தாங்குவீர்கள் என்பதை இன்றே பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகள் ஏற்றியது. 1 கோடி ரூபாக் கடன், 15 வருடம், 12 வீதத்தில் மாதத் தவணை ஏறக்குறைய 120,000. அதுவே 20 வீதம் என்றால் 175,600. வாடகையை அதே வேகத்தில் ஏற்ற முடியுமா? அந்த வருடம் விலைவாசி 70 வீதத்தைத் தொட்டது, கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்த குடும்பம் எரிவாயு வரிசையிலும் பெட்ரோல் வரிசையிலும் நின்றுகொண்டிருந்தது, அவர்களிடம் போய் வாடகையைக் கூட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? என் தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகையை அடகு வைத்துத்தான் அந்த எட்டு மாதத்தைக் கடந்தேன். இன்று வட்டி இறங்கியிருக்கிறது, எல்லோரும் திரும்பக் கடன் எடுக்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒரு நிலையான வைப்பில் போடாமல் வாடகை வீட்டுக்குக் கடன் எடுக்காதீர்கள்.

வரி. ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் வரி வருடம். தனியாளின் வாடகை வருமானத்தில் திருத்த வேலைகளுக்கு என்று 25 வீதம் கழிக்கலாம், உண்மையில் செலவழித்தீர்களா என்ற பில் தேவையில்லை. 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் கழிவு வருடம் 18 இலட்சம். மாதம் 90,000 வாடகை என்றால் 10 இலட்சத்து 80 ஆயிரத்தில் 25 வீதம் போக 8 இலட்சத்து 10 ஆயிரம். வேறு வருமானம் இல்லாத ஓய்வுகாலத்து ஆளுக்கு வரி இல்லை. மாதம் 150,000 சம்பளம் வாங்குபவருக்கு, சம்பளமே அந்த 18 இலட்சத்தைத் தின்றுவிடும், வாடகைக்கு 6 வீதத்தில் 48,600 ரூபா. மாதம் 250,000 சம்பளம் என்றால் அதே வாடகை 18, 24, 30 வீதப் படிகளில் போய் உட்காரும், 177,000 வரும், கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை. வீடு ஒன்று, வாடகை ஒன்று, ஆனால் யார் பெயரில் இருக்கிறது என்பதால் கைக்கு வருவது மாறுகிறது. வாங்கும்போதே கணவன் மனைவி இருவரில் யார் பெயரில் எழுதுவது என்று கதைத்து முடிவெடுங்கள்.

வாடகை திடீரென்று 10 வீதம் குறைந்து வந்தால் பதற வேண்டாம். ஒரு கம்பனி உங்களிடம் வாடகைக்கு எடுத்து, மாதம் 100,000க்கு மேல் தந்தால், 10 வீதத்தைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், நவம்பர் 30க்குள் அறிக்கை கொடுக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். சான்றிதழ் இல்லையென்றால் அந்தப் பணம் கட்டப்பட்டதைக் காட்ட நீங்கள்தான் அலைய வேண்டும்.

அறிகுறி: கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் ஈரம் என்கிறார்

மழைக்கு மட்டும் ஈரம் பூத்தால் வெளிச்சுவர், யன்னல் ஓரம், மொட்டைமாடி. மழை இல்லாத நாளிலும் இருந்தால் உங்கள் பாத்ரூம். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தளத்தின் நீர்த்தடுப்பும் கழிவுக் குழாயும், எந்நேரமும் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கும் நீர்க் குழாய். இதைக் கேட்டு அறிந்துகொண்டு மேசன் பாஸைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் அவர் முழுத் தளத்தையும் உடைப்பார். உங்கள் வீட்டுக்குள் இருக்கும் குழாய் உங்கள் செலவு, கட்டடத்தின் பொதுக் குழாய் கூட்டுத்தாபனத்தின் செலவு. வாடகைக்கு இருப்பவர் தலையில் எதையும் போடாதீர்கள், பைப் பழசானதற்கு அவர் என்ன செய்வார். திருத்த வேலை நடக்கும் நாட்களுக்கு வாடகையில் கொஞ்சம் குறையுங்கள், குளிக்க இடமில்லாமல் ஒரு கிழமை இருப்பது எளிதல்ல.

அறிகுறி: அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போது தகராறு

திறப்புக் கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்திருந்தால் இந்தத் தலைப்பே தேவையில்லை. மூன்று வருடம் இருந்த வீட்டில் பெயின்ட் மங்குவது சாதாரணத் தேய்மானம், அதை அட்வான்ஸில் வெட்டக் கூடாது. உடைந்த கதவை வெட்டலாம், பில்லைக் காட்டி. எல்லாவற்றிலும் மோசமானது, அட்வான்ஸைச் செலவழித்துவிட்டு அடுத்தவர் வந்து தரும்வரை இழுத்தடிப்பது. அந்தக் குடும்பமும் புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும், உங்கள் பணத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அறிகுறி: இரண்டு பேர் என்றார்கள், இப்போது ஆறு பேர்

உடனே சண்டைக்குப் போகாதீர்கள், யார் என்று கேளுங்கள். ஊரில் இருந்து அம்மாவைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருப்பார்கள், விசா அலுவலாகத் தம்பி வந்து நிற்பான். அது மாதக்கணக்கில் போனால், தண்ணீருக்கும் கரண்டுக்கும் அவர்களே பொறுப்பு என்று பேசி எழுதுங்கள். கட்டிலுக்கு இவ்வளவு என்று அவர்களே போர்டிங் நடத்தத் தொடங்கியிருந்தால் அது உப குத்தகை, எழுத்தில் அறிவித்தல் கொடுங்கள். உப குத்தகை கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று அதற்கு முன்னால் பாருங்கள்.

அடையாள அட்டைப் பிரதி கேட்கும்போது சிலர் முகம் சுருங்கும். தப்பாக எடுக்காதீர்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்த நாட்களில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாமல் இருந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஏன் கேட்கிறீர்கள், யாரிடம் காட்டுவீர்கள், போகும்போது திருப்பித் தருவீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள்.

அதே போல, பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க முகவரிச் சான்று வேண்டும், வாக்காளர் இடாப்பில் பெயர் போட வேண்டும் என்று அவர்கள் கேட்டால் மறுக்காதீர்கள். நிறையப் பேர் வீடு போய்விடும் என்று பயந்து கிராம சேவகர் படிவத்தில் கையெழுத்து வைக்க மறுக்கிறார்கள். அந்தப் பெயரால் உங்கள் உறுதியில் ஒரு எழுத்தும் மாறாது. பதிந்த குத்தகை உங்கள் கையில் இருந்தால் அவர் வாடகைக்கு இருப்பவர் என்பதற்கு அதுவே சான்று. போன வருடம் அனெக்ஸில் இருக்கும் பிள்ளைக்கு நான் அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன், ஜனவரியில் வெள்ளைச் சட்டையோடு படியிறங்கி வந்து "அம்மம்மா, ஸ்கூலுக்குப் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.